அறுபது காட்டிய முள்

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத் தோட்டத்தில் தம்பிதுரை ஒண்டிக்கட்டையாக இருந்தார். ஐம்பது வயது தாண்டியும் கல்யாணமாகவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் காபியைக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை இல்லையே என்றார்கள். தோட்டத்துக்காரன் விளைவித்த தக்காளி மட்டும் அவர்களுக்குக் கசக்கவில்லை, அதை விடுங்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அவர் வாய்விட்டுப் பேசுவது இரண்டு மாடுகளிடம்தான்.

அவருக்கென்று மிச்சமிருந்த உரிமை ஒன்றே ஒன்று. தங்கை கீதாவின் மகள் லோகப்பிரியாவுக்குக் கல்யாணத்தன்று நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர் தாய்மாமனான அவர். அதற்குப் பிறகுதான் தாலி. தேதி குறித்த நாளிலிருந்து மனிதர் தலையணையில் நாடாவைக் கட்டிக் கட்டிப் பழகினார் என்றால் சிரிக்காதீர்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவர் உயிரோடு இருந்தார்.

வண்டி ஒரு பழைய ஜீப். தேங்காய் லோடோடு மேடு ஏறத் திணறுகிறதென்று, போன வருஷம் பின்சக்கர அச்சில் கிரவுன் பினியன் என்ற பல்சக்கரங்களை மாற்றி இழுவையைக் கூட்டினார். மெக்கானிக் அப்துல் மஜீத் அப்போதே படித்துப் படித்துச் சொன்னார்.

"மீட்டருக்குப் போற பல்சக்கரத்தையும் சேத்து மாத்தோணுமுங்க. மீட்டரு சக்கரத்தை எண்ணாது, கியர்பாக்ஸ்ல இருந்து போற தண்டைத்தான் எண்ணும். அது இனி சாஸ்தியாச் சுத்தும். நாப்பத்தஞ்சுல போனா அறுபதுன்னு காட்டும். ஓடுன தூரமும் அப்படித்தானுங்க."

"தோட்டத்தத் தாண்டி நான் எங்க பாய் போப்போறேன்? உடுங்க" என்றார் தம்பிதுரை.

கல்யாணம் காங்கேயத்துக்கு அந்தப் பக்கம், எண்பது கிலோமீட்டர். முந்தின நாளே போயிருக்க வேண்டியவர்தான். மாட்டைப் பார்க்க ஆள் வேண்டாமா? விடிந்ததும் பாலைக் கறந்துவிட்டு, சீர்த்தட்டும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அறுபதில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் தாராளமாகப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு. முள் அறுபதைத் தொட்டுக்கொண்டே இருந்தது. பால் வண்டிகூட அவரை முந்திப் போனது. இந்தக் காலத்தில் எல்லோருக்கும் அவசரம் என்று நினைத்துக்கொண்டார்.

அவிநாசி தாண்டியதும் திருப்பூர் நெரிசலுக்குப் பயந்து ஊர்வழிச் சாலையில் புகுந்தார். பழக்கமில்லாத வழி, பலகை ஒன்றும் இல்லை. கீதாவிடமிருந்து போன் வந்தது. ஓரங்கட்டினார்.

"அண்ணா, எங்க வர்றீங்க? நேரமாகுதுன்னு சடங்கு நடத்தற அருமைக்காரரு சொல்றாருங்க. பெரியப்பன் மகன் கிருபாண்ணனைக் கட்டச் சொல்லட்டுங்களா?"

மீட்டரைப் பார்த்தார். எழுபது கிலோமீட்டர் ஓடியிருந்தது.

"பத்தே கிலோமீட்டருதான் அம்மணி. கால் மணியில வாரேன். நாந்தான் கட்டுவேன்."

அடுத்த திருப்பத்தில் பெரிய சாலை வந்தது. பலகையில் காங்கேயத்துக்கு இருபத்துநான்கு என்று எழுதியிருந்தது. மீட்டரைப் பற்றி மஜீத் சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று போனை எடுத்தார். கீதாவைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். மேளச் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை. மிதித்துப் பார்த்தார். இஞ்சின் கத்தியதே தவிர, வண்டி வேகம் எடுக்கவில்லை.

மண்டபத்தில் நுழைந்தபோது மணமேடையில் தாலி ஏறியிருந்தது. லோகப்பிரியா நெற்றியில் பட்டம் மின்னியது. கட்டியவர் கிருபாசங்கர்.

"கால் மணின்னு சொன்னீங்களேண்ணா. அந்த வார்த்தையை நம்பித்தானுங்க முகூர்த்தம் முடியப்போற வரைக்கும் காத்திருந்தோம்" என்றாள் கீதா. கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது.

மீட்டர் பொய் சொல்லிவிட்டது என்று கல்யாண வீட்டில் யார் முகத்தைப் பார்த்துச் சொல்வது? குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான் என்றால்கூட நம்புவார்கள். தம்பிதுரை சீர்த்தட்டை மேடை ஓரத்தில் வைத்துவிட்டு, உறவுக்காரர்களோடு பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றார்.

போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, பட்டம் கட்டிய கிருபாசங்கரைப் பார்த்தார்.

"தாய்மாமன் மட்டும் பொண்ணு பக்கத்துல நில்லுங்க. மத்தவங்க கொஞ்சம் கீழ எறங்கிக்குங்க."

கீதா ஏதோ சொல்ல வந்தாள். கிருபாசங்கர் தயங்கி நின்றார். தம்பிதுரைதான் முதலில் இறங்கினார்.