நடத்துறவனுக்குக் கை கிடையாது

“தூக்குன கைய இறக்காதீங்க, எண்ணிக்கிட்டிருக்கேன்” என்கிறார் தீர்த்தகிரி. வலது ஆள்காட்டி விரல் காற்றில் ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டு போகிறது. உதடு அசைகிறது. நடுவில் ஒருமுறை அந்த விரல் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, மறுபடி எண்ணப் போகிறது. பிறகு தொகையைச் சொல்கிறார். யாரும் மறுப்பதில்லை.

கடத்தூரிலிருந்து பிரியும் ஒரு கிளைச்சாலையில் இருக்கிறது அந்த இளைஞர் நற்பணி மன்றம். இளைஞர்களுக்கெல்லாம் இப்போது பேரப்பிள்ளைகள். கேரம் பலகை சுவரில் சாய்ந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, கறிக்கடைக்குப் போய்வந்த கையோடு கூடுகிறார்கள். பெண்களுக்கு இலவச பஸ் தேவையா, நூறு நாள் வேலையால் களை பறிக்க ஆள் கிடைக்கவில்லையா, சிப்காட்டுக்கு நிலம் தரலாமா என்று பேச்சு போகும். தலைப்பு வைப்பதும், பேச்சை நடத்துவதும், கடைசியில் கை எண்ணுவதும் தீர்த்தகிரி.

மற்ற நாட்களில் அவருக்கு உரக்கடை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அதே பொறுமைதான் மன்றத்திலும். யாரையும் பேசவிடாமல் தடுத்ததில்லை. ஒரே நிபந்தனை, “பொதுவா பேசுங்க.” யாருடைய வீடோ கிணறோ பேச்சில் வந்துவிட்டால் மூக்குக் கண்ணாடிக் கூட்டால் மேஜையைத் தட்டுவார். சிப்காட் பற்றிப் பேசிய அன்று தன் மாமரங்களில் ஆரம்பித்த சவரி, இரண்டு தட்டலில் தோப்பை விட்டு வெளியேறி, மாநிலத்தின் தொழில் வளர்ச்சிக்கு வந்து சேர்ந்தார்.

தீர்த்தகிரியின் கருத்து என்ன என்று கேட்டால் சிரிக்கிறார். “உள்ள வந்தவங்க அத்தன பேருக்கும் ஒரு கை உண்டுங்க. நடத்துறவனுக்குக் கை கிடையாது.” இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் அவர் கை தூக்க வேண்டும் என்பது மன்றத்து விதி. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அப்படி வந்ததில்லை. “அது என் யோகங்க” என்கிறார். சவரிக்கு வேறு விளக்கம் உண்டு: “ஊசி போடணும்னு டாக்டர் சொன்னாக்கூட அண்ணன் கையத் தூக்கமாட்டாரு. உரம் வாங்குறவன் பாதிப்பேரு அந்தப் பக்கம், பாதிப்பேரு இந்தப் பக்கம் ஆச்சே.” தீர்த்தகிரியும் சேர்ந்துதான் சிரிக்கிறார்.

போன ஞாயிறு எடுத்த தலைப்பு, பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை இணைக்கலாமா என்பது. இந்த முறை வெறும் பேச்சில்லை. உள்ளூர்த் தொடக்கப் பள்ளியைப் பக்கத்து ஊரோடு இணைப்பது பற்றி கல்வி அலுவலகத்தில் ஊரின் கருத்தைக் கேட்டிருந்தார்கள். மன்றம் சொல்வதுதான் ஊரின் கருத்தாகப் போகும். அங்கிருந்த பாதிப்பேரின் பேரப்பிள்ளைகள் மஞ்சள் வேனில் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள், தீர்த்தகிரியின் பேரனும்தான்.

அன்று ராமக்காளும் உள்ளே வந்து கதவோரம் நின்றார். பள்ளியில் சத்துணவு சமைப்பவர். பள்ளி போனால் அவரை வெளியூருக்கு மாற்றிவிடுவார்கள். அடுப்பு மூட்டும் நேரத்துக்குப் பஸ் கிடையாது, வேலையை விட வேண்டியதுதான். வீட்டில் வேறு வருமானம் இல்லை. இதை அவர் பாதி சொல்வதற்குள் கண்ணாடிக் கூடு தட்டியது.

“ஏம்மா, உன் கதை வேணாம். பொதுவா சொல்லு.”

“பொதுவா எப்பிடிங்கண்ணா சோறாக்குறது? ஏதோ ஒரு அடுப்புலதான ஆக்கணும்.”

சவரி சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. தீர்த்தகிரி பேச்சை அரசின் வரவு செலவுத் திட்டத்துக்குத் திருப்பினார்.

இணைக்கலாம் என்றவர்கள் பன்னிரண்டு பேர். வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். விரல் முன்வரிசையில் ஆரம்பித்து, சவரியைத் தொட்டு, சுவரோரமாகப் போனது. பதினொன்று. மிச்சம் இருந்தது கதவோரம் உயர்ந்திருந்த ஒரே கை. மஞ்சள் கறை படிந்த ராமக்காளின் கை.

வாசலை நோக்கி நீண்ட விரல் அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு மடங்கித் திரும்பி, மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டது.

“பதினொண்ணு” என்றார் தீர்த்தகிரி. “கைய இறக்கிக்கலாங்க.”