பயத்தைச் சொல்ல ஓர் இடம்

துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலை ஒன்றில் அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் பாய்லர் பார்த்தார். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ரெண்டுதடவை’ என்றுதான் சொல்வார்கள். வால்வை மூடினால் இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பார். பூட்டைப் போட்டால் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். “வீட்டுக்குப் போனாலும் பொண்டாட்டி முகத்தை ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் உள்ள போவாரு” என்று கேலி செய்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கொதிக்கும் ஆவியை அடைத்து வைத்திருக்கும் இரும்புக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குப் பயம் விட்டுப்போனால், அப்புறம் அவனும் இருக்கமாட்டான், சுற்றியிருக்கிற சுவரும் இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

அவர் கோபித்துக்கொண்டது ஒரே ஒரு ஆளிடம். ஆலையின் எலக்ட்ரீஷியன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஆள் எங்கேயோ வயர் மாற்றுவதற்காக, சொல்லாமல் கொள்ளாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றுபோனது. தண்ணீர் வற்றினால் பாய்லர் வெடித்துவிடும். மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கடகடவென்று இறங்குவதைப் பார்த்த ரெண்டுதடவை அடுப்பை அணைத்துவிட்டு ஓடி, நூறு பேர் முன்னால் “கொலைகாரா!” என்று கத்தினார். அன்றோடு பேச்சு முறிந்தது. பம்பில் கோளாறு என்றால் ஒரு சீட்டில் எழுதி எலக்ட்ரீஷியன் அறைக் கதவில் செருகிவிட்டு வருவார். வேலை முடிந்ததும் அதே சீட்டு, ஒரு ‘டிக்’ போட்டு, பாய்லர் அறைக் கதவுக்கு வந்து சேரும்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது நடந்தபோது, ஆலையின் கழிப்பறையில் ஒரு காலை, சிறுநீர் சிவப்பாகப் போவதைப் பார்த்தார். பீட்ரூட் சாப்பிட்டிருப்போம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வீட்டில் பீட்ரூட் வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. நான்கு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் மறுபடி வந்தது.

எதையும் இரண்டு தடவை பார்க்கிற மனிதர் இதைப் பார்க்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டு சிறுநீர் கழிக்கப் பழகினார். மனைவியிடம் சொல்லவில்லை. ஆலையை மூடப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு அப்போது சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் தைத்துக் கொடுக்கிற மனைவியும், பள்ளிக் கடைசி வகுப்பிலிருந்த மகளும் ஏற்கெனவே அந்தப் பேச்சைக் கேட்டு முகம் வாடியிருந்தார்கள். இதையும் சேர்த்து எப்படிச் சொல்வது?

மூன்றாவது வாரம், திங்கட்கிழமை காலை, ஆலை வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அன்றோடு மூடல். சிலர் மேலாளர் அறைக்கு முன்னால் கூச்சல் போட்டார்கள். சிலர் வாசல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பத்து மணிக்கெல்லாம் கூட்டம் கலைந்துவிட்டது. ரெண்டுதடவையால் மட்டும் போக முடியவில்லை. முந்தின நாளிலிருந்தே பாய்லர் எரிந்துகொண்டிருந்தது. அதைச் சட்டென்று அணைத்துவிட்டுப் போக முடியாது. அடுப்பின் நெருப்பை வெளியே இழுத்துவிட்டு, தண்ணீர் மட்டம் குறையாமல் பார்த்துக்கொண்டு, மெதுவாக ஆறவிட வேண்டும். அதற்குப் பம்பு ஓட வேண்டும். பம்புக்குக் கரண்ட் வேண்டும்.

சீட்டு எழுதலாம் என்று பேனாவைத் தேடினார். நிமிர்ந்தபோது எலக்ட்ரீஷியன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“மெயினை நான் அணைக்க மாட்டேன். நீங்க சொன்னப்புறம்தான் அணைப்பேன்” என்றார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆவியின் அழுத்தம் காட்டும் கேஜ் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மதியம் ரெண்டுதடவை கழிப்பறைக்குப் போனார். அன்று கண்ணை மூடியும் பயனில்லை. வலி இடுப்பைப் பிடித்து முறுக்கியது. கீழே பார்த்தார். கட்டி கட்டியாக இரத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவரை எலக்ட்ரீஷியன் ஓடிவந்து தாங்கினார்.

“என்னண்ணே ஆச்சு? சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சிருக்கு.”

ஒன்பது வருடமாகப் பேசாத அந்த ஆளிடம்தான் அவர் முதன்முதலாகச் சொன்னார். “ரத்தமாப் போகுதுய்யா. மூணு வாரமா. யார்கிட்டயும் சொல்லலை.”

எலக்ட்ரீஷியன் அவரை ஸ்டூலில் உட்காரவைத்தார். “நாளைக்குக் காலைல நான் வண்டி எடுத்துட்டு வரேன். நீங்க வரலைன்னா உங்க வீட்டுக்குள்ள வந்து அக்காகிட்ட சொல்லிடுவேன்” என்றார்.

மாலை ஐந்து மணிக்கு முள் பூச்சியத்துக்கு வந்தது. “அணைச்சுக்கோ” என்றார் ரெண்டுதடவை.

மறுநாள் மருத்துவமனையில் ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். ரெண்டுதடவையின் முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதை அழுத்திப் பிடித்தபோதுதான் பக்கத்து முழங்காலும் ஆடுவதைப் பார்த்தார்.

“உனக்கென்னய்யா?”

“இந்த இடமே எனக்கு ஆகாதுண்ணே. நாலு வருஷம் முன்னாடி என் வீட்டுக்காரி இங்கதான் போனா. இந்த பினாயில் வாடை வந்தாலே எனக்குக் கை கால் ஓடாது.”

“பின்ன எதுக்கு வந்தே?”

“தனியா உக்காந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், அதான்.”

கொஞ்ச நேரம் கழித்து, “அண்ணே, ஒரு ஜெபம் பண்ணட்டுமா?” என்று கேட்டார். ரெண்டுதடவைக்குச் சங்கடமாக இருந்தது. கல்யாணத்துக்குத் தவிர அவர் எந்தக் கோயிலிலும் நின்றதில்லை. மறுக்கவும் மனம் வரவில்லை. தலையை ஆட்டினார். நீளமாக, சத்தமாக ஏதோ வரப்போகிறது, பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாம் திரும்பப் போகிறார்கள் என்று எதிர்பார்த்தார்.

எலக்ட்ரீஷியன் குனிந்தபடி முணுமுணுத்தார்: “ஆண்டவரே, இவருக்குப் பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு. கூட இருங்க. ஆமென்.”

“அவ்வளவுதானா?”

“எனக்கு அவ்வளவுதான் வரும்.”

உள்ளே படுக்க வைத்து வளையத்துக்குள் தள்ளினார்கள். மூச்சைப் பிடி, மூச்சை விடு என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. விடு என்று சொன்ன பிறகும் அவருக்கு மூச்சு வரவில்லை.

சாயங்காலம் ஓர் இளம் பெண் டாக்டர் படத்தைக் காட்டினார். “வலது பக்க கிட்னில கட்டி இருக்கு. கிட்னியையே எடுத்துடணும். வேற எங்கேயாவது பரவியிருக்கான்னு எடுத்துப் பாத்தாதான் சொல்ல முடியும். பயப்படாதீங்க.” அறுவைக்குப் பதினெட்டு நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள்.

மரத்திலிருந்து விழுந்தவனை மாடேறி மிதித்தது போலிருந்தது. பெஞ்சுக்குத் திரும்பிய ரெண்டுதடவை, உட்காராமலேயே, எலக்ட்ரீஷியனைப் பார்த்துச் சீறினார். “உன் சம்சாரத்துக்கும் இப்படித்தானே கேட்டிருப்பே?”

“கேட்டேன்.”

“பிழைக்கலையே.”

“பிழைக்கலை.”

“பின்ன என்னய்யா சாமி?”

“நானும் கோவிச்சுக்கிட்டு ரெண்டு மாசம் கோயில் பக்கமே போகலை. ஆனா ஒண்ணு. ஆண்டவரைச் சிலுவையில அறையறதுக்கு முதல் நாள் ராத்திரி, அவரும் ஒரு தோட்டத்துல முகங்குப்புற விழுந்து கெஞ்சியிருக்காரு. இது எனக்கு வேண்டாம், எடுத்துடுங்கன்னு. உடம்பெல்லாம் வேர்த்திருக்கு. கூட வந்த சிநேகிதங்க தூங்கிட்டாங்க. யாரும் எடுக்கலை. அவரும் போய்த்தான் ஆகணும்னு ஆச்சு. அந்தக் கதையை ஞாபகம் வச்சுக்கிட்டுத்தான் நான் திரும்பப் போனேன். பயம்னா என்னன்னு தெரிஞ்சவர்கிட்ட பேசறோம்ல?”

“சாமி பயந்தாரா?”

“பயந்தாருண்ணே.”

ரெண்டுதடவை அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வீட்டில் சொன்னபோது மனைவி கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். “மூணு வாரமா மறைச்சீங்களா? நான் என்ன செத்தா போயிட்டேன், என்கிட்ட சொல்லாம இருக்க?” என்று வெடித்தாள். அப்புறம் துணியை வெட்ட ஆரம்பித்தாள். யாருடையதோ ஒரு ரவிக்கைத் துணி குறுக்காக இரண்டாகிப் போனது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

அந்தப் பதினெட்டு நாட்களைப் பற்றி அவர் இன்றைக்கும் அதிகம் பேசுவதில்லை. வேலைக்குப் போக வேண்டாத காலைகள். வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கே விழித்து, போக இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார். கை தானாக வலது விலாவுக்குக் கீழே போகும். வருகிறவர்கள் எல்லோரும் “பயப்படாதீங்க” என்றார்கள். சிரித்துத் தலையாட்டி அனுப்புவார். கதவைச் சாத்தியதும் முன்பைவிட அதிகமாகப் பயமாக இருக்கும். இப்போது பயத்தோடு நடிப்பும் சேர்ந்துகொண்டது.

ஒரு புதன்கிழமை முற்பகல், எலக்ட்ரீஷியன் போகிற ஜெப வீட்டைத் தேடிப் போனார். டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்தன. ஒருவரும் இல்லை. கதவு திறந்திருந்தது. ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். கீழே காற்றடிக்கிற இயந்திரம் உறுமி உறுமி நின்றது.

பல நிமிடங்கள் கழித்து, “எனக்குப் பயமா இருக்குங்க” என்றார். குரல் காலிக் கூடத்தில் பெரிதாகக் கேட்டது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. “சாக பயமா இருக்கு. பொண்ணு படிப்பு பாதில நிக்குமேன்னு பயமா இருக்கு. இனிமே எந்த வேலைக்கும் ஆகாத ஆளாயிடுவேனோன்னு பயமா இருக்கு. உங்களுக்கும் பயமா இருந்துச்சாமே.” அதைச் சொன்னதும் உடைந்துவிட்டார். சின்னப்பிள்ளை போல மூக்கு ஒழுக அழுதார்.

வெளிச்சமோ குரலோ எதுவும் வரவில்லை. பயம் போகவும் இல்லை. ஆனால் இத்தனை நாளில் முதல் முறையாக, அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு யாரும் ‘பயப்படாதே’ என்று வாயை அடைக்கவில்லை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அதை எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியாது. “நான் தனியா இல்லைன்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான்” என்பார். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும்.

அறுவைக்குத் தள்ளுவண்டியில் போகும்போது விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் நகர்ந்தன. பற்கள் தந்தியடித்தன. முகமூடி போட்ட ஒருவர், “குளிருதா?” என்றார். “இல்லைங்க, பயம்” என்றார் ரெண்டுதடவை. அப்படி வாய்விட்டுச் சொல்ல வந்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கூட இருங்க, கூட இருங்க என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே மயங்கினார்.

கட்டி கிட்னிக்குள்ளேயே நின்றிருந்தது. பத்து நாள் கழித்து அந்த டாக்டர் அதைச் சொன்னபோது மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல், மறுபடி உட்கார்ந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. அனலில் நிற்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. பாய்லர் வேலை அதோடு முடிந்தது. ஏழு மாதம் வீட்டில் இருந்தார். மனைவி தைத்த துணிக்குப் பொத்தான் கட்டினார். பல நாள் அந்தப் பொத்தான்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தண்ணீர் மோட்டாரையும் தொட்டிகளையும் பார்க்கிற வேலை கிடைத்தது. சம்பளம் பழையதில் பாதி. மகள் கல்லூரியில் சேர்ந்தாள்.

அதற்குள் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ள வேண்டுமென்று ஜெப வீட்டை நடத்தும் பாஸ்டரிடம் கேட்டிருந்தார். தண்ணீருக்குள் முழுக வேண்டும் என்றதும் அவருக்குப் பழைய சுபாவம் வந்துவிட்டது.

“எவ்வளவு ஆழமுங்க?”

“இடுப்பளவுதான்.”

“நீங்க பிடிச்சுக்குவீங்கல்ல?”

“நான் ஒரு பக்கம், உங்க எலக்ட்ரீஷியன் ஒரு பக்கம்” என்றார் பாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவர் முழுகி எழுந்தபோது மனைவி துண்டோடு கரையில் நின்றாள். அவளுக்கு இதில் இன்னும் பாதி மனம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வந்து உட்காருகிறாள், பாட மாட்டாள். “எனக்கு வரும்போது வரும், நீங்க என்னை நெருக்காதீங்க” என்று சொல்லிவிட்டாள். அவர் நெருக்குவதில்லை.

எலக்ட்ரீஷியன் போன மாதம் வேறு ஊருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். அதனால் இந்த முறை, டாக்டர் அவ்வப்போது எடுக்கச் சொல்லியிருந்த ஸ்கேனுக்கு மனைவிதான் கூடப் போனாள். பழைய தழும்புக்குப் பக்கத்தில் ஏதோ நிழல் மாதிரி தெரிகிறது, தழும்பாகவே இருக்கலாம், பெரிய டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்றிருக்கிறார்கள். முடிவு வெள்ளிக்கிழமை தெரியும்.

இன்று செவ்வாய். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய் மேல்தொட்டியைக் கழுவிவிட்டு வந்தார். “பயமாத்தான் இருக்கு” என்று மனைவியிடம் ஒளிக்காமல் சொன்னார். சாப்பிட்டார். கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, யாரிடமோ வெகுநேரம் பேசினார். இப்போது தையல் இயந்திரத்தின் சத்தத்துக்கு நடுவிலும் தூங்கிக்கொண்டிருக்கிறார்.