முயலுக்கு ஒரு மூலை

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஹால் முழுக்கப் பாய் விரித்து, சபையார் எல்லோரும் முழங்கால் போட்டிருந்தார்கள். போதகர் உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். எல்லோருடைய கண்களும் மூடியிருந்தன — என்னுடையதைத் தவிர.

முயல் வளர்ப்பவளால் எப்படி முழுசாகக் கண்ணை மூட முடியும்?

யாரோ ஹேண்ட்பேக்கை வைக்கப் போய் படுக்கையறைக் கதவைச் சரியாகச் சாத்தாமல் வந்துவிட்டார்கள் போல. இடுக்கு வழியாக முயல் சிப்ஸ் வெளியே வந்தது. பட்டுச்சேலைகளைத் தாண்டி, போதகரின் பைபிள் பையை மோந்து பார்த்து, அதையும் தாண்டி… நேராக என் வீட்டுக்காரர் பின்னால் போய் நின்றது. அவருடைய வெள்ளை வேட்டி தரையில் நன்றாக விரிந்து கிடந்தது. சிப்ஸ் திரும்பி நின்று, வாலைத் தூக்கி, வந்த காரியத்தை முடித்தது.

அவர் அசையவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு 'ஆமென்' சொன்னவர்களில் அவர் குரல்தான் உரக்கக் கேட்டது.

இந்தப் பத்தியை முன்பே படித்தவர்களுக்குச் சிப்ஸைத் தெரியும். நேந்திரங்காய் சிப்ஸ் நிறத்தில் இருக்கிற எங்கள் முயல். மகள் ஆசைப்பட்டு வாங்கி, பெங்களூருவுக்குப் படிக்கப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. அதைப் பற்றி முன்பு எழுதியபோது, இரணியல் பக்கத்து வாசகி ஒருவர் அன்போடு ஒரு சமையல் குறிப்பு அனுப்பியிருந்தார். மிளகு தூக்கலாகப் போட வேண்டுமாம்!

வேடிக்கையை விடுங்கள். இந்த வீட்டில் நான் தனியாக இருந்த காலத்தில், என் குரல் கேட்டால் காதைத் திருப்புகிற ஒரே ஜீவன் அதுதான். டிரேயில் போகவும் சமர்த்தாகப் பழகியிருந்தது. ரப்பர் பால் உறைய வைக்கும் பழைய அலுமினிய டிரே ஒன்று. அதில் கிழித்த பேப்பர், மேலே கொஞ்சம் வைக்கோல். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. கண்ட இடத்தில் போகாமலிருக்க, திருவனந்தபுரம் கொண்டுபோய் கருத்தடை ஆபரேஷனும் செய்தாகிவிட்டது. பிறகென்ன வந்தது?

வந்தது என் வீட்டுக்காரர்தான்.

வளைகுடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தவர், இனி போகவில்லை என்று இந்த வருஷம் ஊருக்கு வந்துவிட்டார். அவர் வேலையின் முதல் பாடம் என்ன தெரியுமா? அடுத்த விருந்தாளி கதவைத் திறக்கும்போது, அந்த அறையில் அதற்குமுன் ஒரு மனிதர் மூச்சுகூட விட்டதில்லை என்று தோன்ற வேண்டும்.

அந்தப் பாடத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். காபி குடித்த டம்ளரை, நான் திரும்புவதற்குள் கழுவிக் கவிழ்த்துவிடுவார். கட்டிலில் ஒரு சுருக்கம் இருக்காது. ஷேவிங் செட் முதல் சட்டை வரை சூட்கேஸிலிருந்து எடுப்பார். திரும்ப சூட்கேஸிலேயே வைப்பார். 'என்ன ஒரு ஒழுங்கு!' என்று பக்கத்து வீட்டில் பீற்றிக்கொண்டேன். 

முயல் டிரேயையும் அவரே எடுத்துக்கொண்டார். காலையும் மாலையும், அங்கிருந்து கொண்டுவந்த ஏதோ லோஷன் ஊற்றித் தேய்த்து, முகம் பார்க்கலாம் போல் ஆக்கிவிடுவார். கடைசியில் செண்ட் வேறு! தரைக்கு ஃபினாயில்.

சிப்ஸ் டிரேயை மோந்து பார்க்கும். ஒரு தும்மல். பிறகு போய் அவர் தலையணையில் ஒன்றுக்கு இருக்கும். அவர் லுங்கியில். அவர் செருப்பில். என் பொருள் எதையும் தொடாது… அதுதான் அவரைக் குத்தியது.

"ஏட்டி, இது எனக்க வீடா, அதுக்க வீடா?" என்று ஒருநாள் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெபக்கூட்டம் முடிந்து, வேட்டி மாற்றி வந்தவரிடம் மைனி — அவருடைய அக்கா — பரிதாபமாகச் சொன்னார்: "ஒனக்கு இவ்வளவு பாடுன்னா, எனக்க கூட்டுல கொண்டு விட்டிரு மக்கா. பத்தோட பதினொண்ணா கிடந்துட்டுப் போவுது."

மைனி நல்லவர். கீரிப்பாறை போகிற வழியில் ரப்பர் தோட்டமும், தோட்டத்துக்குள் முயல் பண்ணையும் வைத்திருக்கிறார். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் வந்தால் கறிக்கு ஆள் வரிசையில் நிற்கும். அங்கே எந்த முயலுக்கும் பெயர் கிடையாது.

"கொண்டு விட்டிரலாம்" என்றார் இவர். "மாசக் கடைசி ஞாயிறு, கோயில்ல ஆராதன விட்ட ஒடனே."

நான் என்ன சொல்வது? வேண்டாம் என்றால், இத்தனை வருஷம் பாலைவனத்தில் உழைத்து வீடு கட்டியவரைவிட முயல் பெரிது என்றாகும். சரி என்றால், சிப்ஸ் குழம்பாகும். "அதுக்கு மொதல்ல டாக்டர்ட்ட காட்டுவோம். சீக்கா இருந்தா என்ன செய்வீங்க?" என்றேன். நியாயம்தானே? அவரே கார் எடுத்தார்.

கால்நடை டாக்டர் சின்னப் பெண். தலையணைக் கதையைக் கேட்டுவிட்டு வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மூத்திரத்தைச் சோதித்தார்.

"சீக்கு ஒண்ணும் இல்ல அக்கா. டிரேய யாரு கழுவுது?"

"நான்தான்" என்று இவர் பெருமையாக முன்னால் வந்தார். லோஷன், செண்ட், ஃபினாயில் எல்லாவற்றையும் ஒப்பித்தார். டாக்டருக்குச் சிரிப்பு.

"அண்ணே, அதுக்க வாசனதான் அதுக்கு அட்ரஸ். நீங்க தெனமும் வீட்டு நம்பரை அழிச்சிட்டு, 'எதுக்கு வழி தப்புது'ன்னு கேக்கிய. கொஞ்சம் பழசை விடணும். வெளிய மூத்திரம் இருந்தா, தொடச்ச பேப்பரை எடுத்து டிரேக்குள்ளயே போடுங்க. தின்னுகிட்டே வெளிக்கிப் போற சாதி இது, புல்லையும் டிரே ஓரமா வச்சிருங்க. தரைக்கு ஃபினாயில் வேண்டாம், வினிகர் போதும்."

பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "வீட்டுக்கு புது ஆளு யாராவது வந்தாங்களா? வந்தா, இது எனக்க எடம்னு அடையாளம் போடும்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தணித்து, "புது ஆளே கையால தீனி குடுக்கணும். தரையில உக்காந்து. பைய பழகிரும்" என்றார்.

காரில் வரும்போது தக்கலை தாண்டியதும் கேட்டார்: "ஏட்டி… புது ஆளுன்னா நானா?"

"முயலுக்குத்தான்" என்றேன். முழு உண்மையா அது? லீவுக்கு வருவார், போவார். வந்த அன்றே போகிற தேதி எங்கள் இருவருக்கும் தெரியும். விருந்தாளி மாதிரி இருந்து இருந்தே அவருக்குப் பழகிவிட்டது. அந்த ஒழுங்கைத்தான் நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, ஹாலில் டிரே இருக்கும் சிப்ஸின் மூலைக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு கட்டு கொத்தமல்லி. சிப்ஸ் பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டிவிட்டு சோபாவுக்கு அடியில் போனது. அடுத்த நாளும் அதே மரியாதை. நடுவில் ஒருநாள் தலையணையும் நனைந்தது. நான் உறையைக் கழற்றினேன். அவர் டிஷ்யூவால் ஒற்றியெடுத்து டிரேயில் கொண்டுபோய்ப் போட்டார்.

டிரேயைத் தேய்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே! கிளவுஸ் போட்டுக்கொண்டு பழசை அள்ளுவார். ஒரு பிடியை விட்டுவைக்க வேண்டும். அந்த ஒரு பிடியையே பார்த்துக்கொண்டு நிற்பார். வெற்றிலை போடுகிறவர் வெற்றிலையை விட்டால்கூட அத்தனை வேதனை இருக்காது.

பாயோடு பேப்பர் வந்தது. பேப்பரோடு மூக்குக்கண்ணாடி. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் முதுகில் ஒரு துண்டு. காபி டம்ளர் அங்கேயே ஈ மொய்க்கக் கிடந்தது. நான் எடுக்கப் போனேன்… எடுக்காமல் வந்தேன்.

ஒரு மத்தியானம் அடுக்களை வேலை முடித்து வந்து பார்க்கிறேன். மனிதர் பாயில் குறட்டை. கையில் பாதி தின்ற கொத்தமல்லி. அவர் காலடியில் சிப்ஸ் ஒருக்களித்து, காலை நீட்டிப் படுத்திருக்கிறது. முயல் பயமில்லாத இடத்தில்தான் அப்படிக் காலை நீட்டும். டிரேயை எட்டிப் பார்த்தேன். வைக்கோல் நனைந்திருந்தது. லுங்கி காய்ந்திருந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

அதற்குப் பிறகு தலையணை நனையவில்லை. ஆனாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. மனுஷன் சொன்ன சொல்லை மாற்றாதவர். கடைசி ஞாயிறு வந்தது. கோயில் விட்டதும், வாசலிலேயே மைனி பிடித்துக்கொண்டார். "எங்க மக்கா மொயலு? வண்டிக்குள்ளயா?"

இவர் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: "அது வராதுக்கா. அதுக்க டிரேய இப்ப நான்லா பாக்கேன். கொண்டு விட்டா எனக்கு என்ன சோலி இருக்கு?"

சாயங்காலம் சூட்கேஸைக் காலி செய்து, சட்டைகளை என் சேலைகளுக்குப் பக்கத்தில் அடுக்கினார். "ஏட்டி, மேல லாஃப்ட்ல எடம் கெடக்கா?" என்று கேட்டார். ஸ்டூல் போட்டு, காலி சூட்கேஸை நானே தூக்கிக் கொடுத்தேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அந்த டாக்டர் பெண்ணுக்கு. மனத்தாங்கல் இல்லாமல் போன மைனிக்கு. எல்லாருக்கும் மேலாக சிப்ஸுக்கு — நான் கவனிக்கத் தவறியதை அது தலையணை தலையணையாக எழுதிக் காட்டியது. சமையல் குறிப்பு அனுப்பிய வாசகிக்கும் நன்றி. மிளகைக் கோழிக்குப் போட்டுக்கொண்டேன்.

இப்போது எங்கள் ஹாலில் இரண்டு பேருக்குச் சொந்தமாக ஆளுக்கொரு மூலை இருக்கிறது. இரண்டையுமே நான் முழுசாகச் சுத்தம் செய்வதில்லை.