ஏழாவது பிஸ்கட் டின்

என் அண்ணியைப் போல ஒரு பிடிவாதக்காரியை இந்த மலையில் நான் பார்த்ததில்லை. இப்போது பெருமையாகச் சொல்கிறேன். முன்பெல்லாம் இதே வார்த்தையைத் திட்டாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வார நாட்களில் அண்ணி எஸ்டேட் தொழிற்சாலையில் தேயிலைப் பொட்டலம் போடுவார். நாள் முழுக்க நின்றபடி வேலை. சாயங்காலம் எஸ்டேட் லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு காலும் வீங்கியிருக்கும். சனி, ஞாயிறுகளில் கல்யாணம், காதுகுத்து என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் லேப்டாப்போடு போய்க் கரோக்கே நடத்துவார். ஏற்றி இறக்க நானும் என் காய்கறி லோரியும்.

லேப்டாப்போடு ஆறு பிஸ்கட் டின்களும் கூடவே வரும். அவற்றில் இருப்பவை கடையில் வாங்கிய அசல் பாட்டு டிஸ்க்குகள். டின்னுக்கு ஒரு நம்பர், டிஸ்க்குக்கு ஒரு நம்பர். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாட்டின் பெயருக்கு முன்னாலும் அந்த இரண்டு நம்பரும் நிற்கும்.

"ஊர்ல எல்லாரும் இன்டர்நெட்டுல சும்மா இறக்கிப் போடுறானுங்க. நீங்க மட்டும் ஏன் அண்ணி இப்படி மாரடிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மண்டபத்துல பாட்டுப் போட ஒரு லைசன்ஸ். அது மண்டபத்துக்காரங்க பாடு. டிஸ்க்குல உள்ளத கம்ப்யூட்டருக்கு மாத்த இன்னொரு லைசன்ஸ். அது என் பாடு. அசல் கையில இருந்தாத்தான் அது செல்லும். பாட்டுக் கட்டுனவனுக்கும் வயிறு இருக்குல்ல தம்பி?"

அவருக்கு மிகவும் பிடித்த பாட்டு ஒன்று உண்டு. சமைக்கும்போது முணுமுணுப்பார். அசல் டிஸ்க் எங்கும் கிடைக்காததால் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றவே இல்லை. இதற்கு என்ன சொல்வது!

மலைமேல் பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டலில் வாரக் கடைசி மதியங்களில் கரோக்கே நடத்த நிரந்தரமாக ஆள் தேடினார்கள். அது கிடைத்தால் அந்தச் சம்பளமே போதும், அண்ணி தொழிற்சாலையை விட்டுவிடலாம், காலும் பிழைக்கும். மேனேஜர் கீழே ஈப்போ நகரத்திலிருந்து வந்த தமிழர். திருட்டுப் பாட்டு ஓடுகிறதா என்று ஏற்கெனவே ஒருமுறை அதிகாரிகள் வந்து சோதித்துவிட்டுப் போனதால் அவர் உஷாராக இருந்தார். "கம்ப்யூட்டரையும் டிஸ்க்கையும் கொண்டு வாங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

ஹோட்டலுக்குப் போகிறவருக்கு இவ்வளவு குறைவான பாட்டு போதுமா என்று எனக்கு ஒரே அக்கறை. அக்கறையாவது மண்ணாவது, அதிகப்பிரசங்கித்தனம். அண்ணி வேலைக்குப் போயிருந்த நேரம், கூட்டாளியின் பென்டிரைவிலிருந்து அறுபது, எழுபது பாட்டை ஏற்றினேன். அந்தப் பிடித்த பாட்டும் அதில் இருந்தது. பட்டியல் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று நானே டின் ஏழு, டின் எட்டு என்று நம்பரும் போட்டேன். அண்ணியிடம் சொல்ல மறந்துவிட்டேன். இல்லை, அது பொய். திட்டுவார் என்று சொல்லவில்லை.

ஹோட்டலில் மேனேஜர் திரையைப் பார்த்து ஒரு நம்பர் சொல்வார், அண்ணி டின்னைத் திறந்து டிஸ்க்கை எடுத்துக் காட்டுவார். ஐந்தாறு முறை ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

"ஏழு, ஒண்ணு" என்றார் மேனேஜர்.

அண்ணியின் கை டின்கள் பக்கம் போய் நின்றுவிட்டது. நான் முந்திக்கொண்டேன். "அது வீட்டுல இருக்கு சார், மறந்துட்டோம் லா" என்றேன்.

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்ல சார். என்கிட்ட ஆறு டின்தான். இதுக்கு அசல் கெடையாது."

"அப்ப யாரு ஏத்துனது?"

"கம்ப்யூட்டர் என்னோடது சார். நான்தான் பார்த்திருக்கணும். சுத்தம் பண்ணிட்டு வரேன். அதுக்குள்ள வேற ஆள் கெடைச்சா வச்சுக்குங்க."

லேப்டாப்பை மூடிவிட்டார். அந்தக் கால்களோடு இன்னும் எத்தனை வருடம் நிற்பார் என்று நினைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை. "நான்தான் சார் ஏத்துனேன். அவங்களுக்குத் தெரியாது" என்று கத்தியே விட்டேன்.

மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டுல இருக்குன்னு சொல்ற ஆளுங்களத்தான் நான் நெறையப் பார்த்திருக்கேன்" என்றார் அண்ணியிடம். "சுத்தம் பண்ணிட்டு வர்ற சனிக்கிழமை வந்துருங்க. தம்பி டின் மட்டும் தூக்கட்டும்."

திரும்பும் வழியில் லோரிக்குள் அண்ணி டின்களின் நம்பரைச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் நான் ஏற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தார். பிடித்த பாட்டு வந்ததும் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் அழித்தார். சே, நான் எவ்வளவு பெரிய மடையன்!

அண்ணி தொழிற்சாலையை விட்டுச் சில மாதங்கள் ஆகியிருக்கும். முட்டைக்கோஸ் இறக்க ஈப்போவுக்குப் போனபோது, ஒரு பழைய கடையின் மூலையில் அந்தப் பிடித்த பாட்டின் டிஸ்க் கிடைத்தது. கொண்டுவந்து நீட்டினேன். நன்றியாவது சொன்னாரா? ஜன்னலோரம் போய், உறையில் அசல் முத்திரை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை!

அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து, உள்ளே இருந்ததைத் தட்டில் கொட்டினார். டின்னைத் துடைத்து, மூடியில் ஏழு என்று எழுதினார். டிஸ்க்கில் ஒன்று என்று எழுதினார்.

"ஏழு, ஒண்ணு. இப்ப யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

லோரியைக் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய் அழுதேன்.