ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கரண்ட்

பாலத்தின் நடுவில் நின்று அத்தான் கையை நீட்டிக் காட்டியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சுவிசின் எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் அக்காவும் அத்தானும் குடியிருக்கும் ஊருக்கும் எதிர் ஊருக்கும் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. மார்கழி மாதம், ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. பேர்ணிலிருந்து ரயிலில் வந்திறங்கிய என்னை வீட்டுக்குக்கூடக் கூட்டிப் போகாமல் நேரே அந்தப் பாலத்துக்குத்தான் அழைத்து வந்திருந்தார். இரண்டு கரையிலும் வீடுகளில் விளக்குகள் எரிந்தன. எனக்கு எல்லாம் ஒரே வெளிச்சமாகத்தான் தெரிந்தது. "மச்சான், உதுகளில எரியிற கரண்ட் எங்கடையிலும் பாக்க மலிவு. இந்தப் பாலத்தைக் கடந்தால் காணும்" என்றார் அத்தான். குளிரில் மூக்கு சிவந்திருந்தது, ஆனால் மனிதருக்குக் குளிரே தெரியவில்லை.

அத்தானை அறியாதவர்களுக்கு இது விளங்காது. அவர் ஹோட்டல் ஒன்றில் சமையல்காரர். ஆனால் சூக்கிலிருந்து பேர்ண் வரை எங்கள் சொந்தக்காரர்களிடையே அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சமையல் அல்ல, மாற்றுவது. ஒவ்வொரு இலையுதிர் காலமும் மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் ஏறுகிறது என்ற செய்தி வந்ததும் அவருடைய தொலைபேசி ஓயாது. இந்த வருடம் எந்தக் கம்பனிக்கு மாறுவது என்று எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள். அவரும் மாறுவார், கேட்டவர்களையும் மாற்றுவார். கார் காப்புறுதி, தொலைபேசி, இணையம் எதையும் விட்டுவைத்ததில்லை. ஒரே கம்பனியில் இரண்டு வருடம் தொடர்ந்து இருப்பவன் சோம்பேறி என்பது அவருடைய திடமான கொள்கை. நான் அப்படியொரு சோம்பேறி. என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார்.

அப்படிப்பட்டவருக்கு அந்த வருடம் கரண்ட் விலை ஏறியது. கொஞ்ச நஞ்சமல்ல, துள்ளி ஏறியது. அவர்கள் இருந்தது பழைய வீடு, சூடாக்குவதும் கரண்டில், சமைப்பதும் கரண்டில். அத்தான் உற்சாகமாகிவிட்டார். விலையேற்றம் மற்றவர்களுக்குக் கவலை, அவருக்கு அது வேட்டைக்கான அழைப்பு. உடனே ஊர் மின்சபைக்கு அழைத்து, நாங்கள் வேறு கம்பனிக்குப் போகப்போகிறோம் என்று அறிவித்தார். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகச் சிரித்தாராம். சுவிசில் வீடுகளில் குடியிருப்பவர்கள் கரண்ட் கம்பனியை மாற்ற முடியாது, எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர்க் கரண்ட்தான் என்றாராம். அத்தான் நம்பவில்லை. தன்னுடைய டொச், அதாவது ஜேர்மன் மொழி, அவருக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து அக்காவை அழைக்கச் சொன்னார். அக்காவுக்கும் அதே பதில்தான். அன்றிரவு அவர் சாப்பிடவேயில்லை என்று அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அடுத்த நாள் காலை எழும்பினபோது ஆளின் முகம் தெளிந்திருந்ததாம். "கரண்டை மாத்த ஏலாட்டி ஊரை மாத்துவம்" என்றாராம்.

எங்கள் ஆட்களுக்கு இது பெரிய விடயமே அல்ல. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நாட்டையே மாற்றியவர்கள் நாங்கள். ஒரு பாலத்தைக் கடப்பதற்கா யோசிப்போம்? அதே பள்ளத்தாக்கு, அதே ரயில், அக்கா வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் நடந்தே வரலாம். எனக்கும் அத்தானின் திட்டம் பிடித்துப்போயிற்று. அதை மறைக்க மாட்டேன். மாசி மாதத்துக்குள் அவர் எதிர்க்கரையில் ஒரு வீடு பார்த்துவிட்டார்.

அக்காவுக்கு அந்த நாட்களில் வேறொரு ஆசை ஓடிக்கொண்டிருந்தது. அவள் சுவிஸ் பிரஜையாக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தாள். அத்தானின் சமையலறை டொச் பரீட்சைக்குப் போதாது, அதனால் அவள் தனியாகத்தான் விண்ணப்பிப்பதாக இருந்தது. எதற்கு இவ்வளவு பாடு என்று நான் ஒருமுறை கேட்டேன். அதற்குக் கொஞ்சம் முன்புதான் கரண்ட் விலையைப் பற்றி ஊர்க்கூட்டம் நடந்தபோது அவளும் போயிருந்தாள். அந்த ஊரில் வருடத்தில் சில தடவை ஊர்ப் பிரஜைகள் எல்லோரும் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடி, கையை உயர்த்தித்தான் எதையும் முடிவு செய்வார்கள். பிரஜை இல்லாதவர்களுக்குச் சுவரோரம் தனியாக விருந்தினர் கதிரைகள் போட்டிருக்கும். கேட்கலாம், கை உயர்த்த முடியாது. "தம்பி, நான் பதினேழு வயசில வெளிக்கிட்டனான். அங்கையும் ஒருநாள் வாக்குப் போட்டதில்லை, இஞ்சையும் இல்லை. செத்துப்போறதுக்குள்ள ஒருக்கா எண்டாலும் என்ரை கையை ஆரும் எண்ண வேணும்" என்றாள்.

புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் பார்த்தார்கள். கிடைத்த நல்ல நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பது திங்கட்கிழமை. கையெழுத்துக்கு முன் பாலா என்று நான் கேட்டபோது, கையெழுத்து எந்த நாளும் வைக்கலாம், நல்ல நேரம் எந்த நாளும் வருமா என்று அத்தான் திருப்பிக் கேட்டார். வீட்டுக்காரக் கிழவர் நல்ல மனிதர். என்னவோ சாமி காரியம் என்று விளங்கிக்கொண்டு கதவுத் திறப்பைக் கொடுத்துவிட்டார். வெறும் வீட்டில் சாமிப்படம் வைத்து, விளக்கேற்றி, புதுச்சட்டியில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தோம். வந்தவர்களில் முதியோர் இல்லத்தில் அக்காவின் மேற்பார்வையாளரான சுவிஸ் அம்மாவும் ஒருவர். அவர்கள் வழக்கப்படி புது வீட்டுக்குப் பேக்கரிப் பாணும் உப்பும் கொண்டுவந்து, வாசலில் எங்களைப் போலவே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். அக்காவின் பிரஜாவுரிமைக்கு அவர்தான் சாட்சி சொல்வதாக இருந்தது.

பால் பொங்கியது. அதுவும் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அத்தான் கைதட்டினார். மலிவுக் கரண்டில் பொங்கிய முதல் பால் என்று அவர் எல்லோரையும் பார்த்துச் சொல்ல, நாங்கள் சிரிக்க, வீடே கலகலத்தது. சுவிஸ் அம்மாவும் சிரித்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, பிரஜாவுரிமையைப் பிற்போட்டுவிட்டாயா, பரவாயில்லை, சின்ன வயதுதானே என்று கேட்டார். அக்கா விளங்காமல் பார்த்தாள். அந்த அம்மா மெதுவாக விளக்கினார். ஒரே கெமைண்டேயில், அதாவது ஒரே ஊராட்சியில், தொடர்ந்து இத்தனை வருடம் இருந்திருக்க வேண்டும். ஆறுதான் எல்லை. பாலத்தைத் தாண்டிப் பதிந்தால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அடுத்த மாதம் விண்ணப்பம் போட இருந்தவள் மறுபடி வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சுவிசில் எத்தனை வருடம் என்று அக்கா கணக்குப் பார்த்திருந்தாள். ஊருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்பதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரே பள்ளத்தாக்கைப் போய் யார் இரண்டாக நினைப்பார்கள்? அத்தானின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவருக்கு முன்னால் இருந்தது கரண்ட் விலை மட்டுமல்ல. பால் பொங்கிய வீட்டில் குடி போகாமல் விடுவது பெரிய குறை என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அத்தான் அப்படியான விடயங்களுக்கு நன்றாகப் பயப்படுபவர்.

"இஞ்சேரும், பால் பொங்கிப் போச்சுது" என்றார் கடைசியில், மிகவும் மெல்லிய குரலில்.

"பொங்கட்டும். நான் இந்த வீட்டுக்கு வரேல்லை" என்றாள் அக்கா. அவள் அத்தானை எதிர்த்துக் கதைத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. "நீங்கள் எத்தினையோ மாத்தினீங்கள், நான் ஒண்டும் சொன்னனானோ? இதை மட்டும் மாத்தாதேங்கோ."

அத்தான் அடுப்பை நிறுத்தினார். பிறகு பாலைக் குவளைகளில் ஊற்றி எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார். சிந்தியதைத் துடைத்தார், சட்டியைக் கழுவினார், விளக்கை அணைத்தார். திறப்பைத் தானே கொண்டுபோய்க் கிழவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டுப் போனவர்களைப் பற்றி அந்தக் கிழவர் என்ன நினைத்தாரோ தெரியாது. அதன் பிறகு பல மாதம் வீட்டில் எது பழுதானாலும், குளிர்சாதனப் பெட்டி நின்றாலும், குழாய் ஒழுகினாலும், அத்தான் அந்தப் பாலைத்தான் குற்றம் சொன்னார். ஆனால் கரண்ட் விலையைப் பற்றி மட்டும் ஒரு சொல் சொல்லவில்லை. அதைக் கட்டிக்கொண்டே இருந்தார். அவர்மேல் எனக்கு உண்மையான மதிப்பு வந்தது அந்த நாட்களில்தான்.

அக்காவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அவள் கலந்துகொள்ளும் முதல் ஊர்க்கூட்டம் என்று கேள்விப்பட்டதும் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன். எனக்கே வாக்குக் கிடைத்தது போல இருந்தது. கூட்டத்தில் வந்த விடயம் என்ன என்று கேளுங்கள், கரண்ட்! பனிக்காலத்தில் ஊருக்குக் கரண்ட் தரும் ஓடை உறைந்துவிடுவதால் வெளியிலிருந்து வாங்கும் கரண்ட்தான் விலையை ஏற்றுகிறது. பள்ளிக்கூடக் கூரையிலும் மண்டபக் கூரையிலும் சூரியத் தகடு போட்டால் அந்தத் தேவை குறையும், ஆனால் செலவுக்காகச் சில வருடம் எல்லோர் பில்லும் கொஞ்சம் கூடும். வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றுதான் கை உயர்த்த வேண்டும் என்று அத்தான் ஒரு வாரமாக அவளுக்கு வகுப்பு எடுத்திருந்தார். அவள் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டியிருந்தாள்.

நானும் அத்தானும் சுவரோரம் விருந்தினர் கதிரையில் இருந்தோம். அக்கா நடுவில், ஊர்ச் சனத்தோடு சனமாக, நீல நிறச் சேலையில். வேண்டும் என்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்று தலைவர் சொன்னார். அக்காவின் கை உயர்ந்தது. பக்கத்தில் அத்தான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "ஐயோ, உவ எங்கட பில்லையெல்லோ ஏத்திறா" என்று என் காதுக்குள் சொன்னார். எண்ணுபவர் வரிசை வரிசையாக வந்து, அக்காவின் கையையும் எண்ணி, தாண்டிப் போனார். கடைசி வரிசையும் முடிந்தது. எல்லோரும் கையை இறக்கிவிட்டார்கள். அக்கா இறக்கவில்லை. தன் கைதான் என்று நம்பாதவள் போல அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் இருந்த சுவிஸ் அம்மா தோளைத் தொட்டு, எண்ணி முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது.

நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். மனிதர் அழுதுகொண்டிருந்தார். துடைக்கவும் இல்லை. "வடிவா உயத்தினவ, என்ன மச்சான்?" என்றார்.