சுடுதாரில் வெறுங்கால்

இடஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்த சமயம். வெள்ளிமலையில் டீச்சராக இருந்தேன். மூன்று வயது மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. மடியில் போட்டுக்கொண்டு ஜீப்பில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். மலையை விட்டு இறங்கியதும் ரோட்டின் குறுக்கே வெட்டிப்போட்ட புளியமரக் கிளை. முப்பது பேர், கையில் அரிவாள்.

"வண்டி போவாது, திருப்பு!" என்று ஒரு மீசைக்காரர் பானெட்டில் அறைந்தார்.

நான் கண்ணை மூடினேன். முக்காடு போடாமல், செருப்போடு நான் ஜெபித்ததே கிடையாது. அன்றைக்கு இரண்டும் மறந்துபோனது. வகுப்பில் பிள்ளைகளை அதட்டுவதுபோல ஆண்டவரை அதட்டினேன். "இவங்க கை முடங்கணும். இப்பவே!" உதடு மட்டும்தான் அசைந்தது.

"சத்தம் போடாதீங்கடா. அம்மா சாமி கும்பிட்டுக்கினு இருக்காங்க."

கண்ணைத் திறந்தேன். அதட்டியவர் பானெட்டில் அறைந்த அதே மீசைக்காரர். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு நின்றார்.

"முடிச்சிட்டீங்களாம்மா? கொழந்தைக்கு இன்னா?"

சொன்னேன். முதல் ஆளாக அவரே கிளையில் கை வைத்தார். வழி விட்டதும் ஜீப் ஓரமாக வந்து, "எனக்கும் சேத்து வேண்டிக்கோங்கம்மா" என்றார்.

அவருக்காக ஏற்கெனவே வேண்டியதை எப்படிச் சொல்வேன்?

மகள் பிழைத்துவிட்டாள். இன்றும் முழங்காலிட்டதும் முதலில் அந்தக் கைகளுக்குச் சுகம் கேட்கிறேன். எனக்கென்று கேட்க அதற்கப்புறம்தான் வாய் வருகிறது.