எட்டு மாதமாகச் சொன்ன இடுப்பு வலி

இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் ஆடி மாதம், பகல் பதினொரு மணி இருக்கும். ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனிக்குத் துப்புரவு வேலை கான்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறேன். அஞ்சாங்கிளாஸைத் தாண்டாதவன் நான். இதே ரோட்டில் சிமென்ட் மூட்டை இறக்கியவன், இன்று எண்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன். யார் தயவும் இல்லாமல் வந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை.

அன்று ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து இரண்டு டாக்டரம்மாக்கள் வந்திருந்தார்கள். மாதக்கணக்கில் தீராத வலி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா, இருவருக்கும் ஒரே மாதிரி வைத்தியம் கிடைக்கிறதா என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். கேன்டீன் ஓரமாக மேஜை போட்டு என் ஆட்களை ஒவ்வொருவராக விசாரித்தார்கள். நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். என் ஆட்களைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்?

"முதுகுவலின்னு யாராவது வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று மூத்த டாக்டர் என்னைக் கேட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நானே காரில் கூட்டிப்போய் ஸ்கேன் எடுக்க வைத்த நான்கு பேரைப் பெயர் சொல்லி அடுக்கினேன்.

"நாலு பேரும் ஆம்பளைங்க. லேடீஸ் யாரையும் கூட்டிப் போகலையா?"

"அவங்களுக்கு இன்னாத்துக்கும்மா ஸ்கேனு? பொம்பளைங்கன்னா எங்கியாவது வலிச்சிக்கினேதான் இருக்கும். ஒரு மாத்திரை குடுத்தா முடிஞ்சிது."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "எங்க அண்ணன்கிட்ட ஒரே மாத்திரைதான் மேடம். தலவலின்னாலும் அதான், கால்வலின்னாலும் அதான்," என்றாள் ஒருத்தி. நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் ஒருவர்தான். பென்னலூர்க்காரர், நாற்பது வயதிருக்கும், ஆறு வருடமாக என்னிடம் வேலை செய்கிறவர். இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கிறது என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே மாத்திரைதான். மூத்த டாக்டர் அவரை உட்காரவைத்துத் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். என்னை எழுந்து தள்ளிப் போகச் சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டார். பிறகு என்னிடம் வந்தபோது டாக்டரின் முகம் மாறியிருந்தது.

"நேத்து காலையிலேர்ந்து அவங்களுக்கு ஒன்னுக்கே வரல. உட்கார்ற இடத்துல உணர்ச்சி இல்ல. முதுகெலும்புல நரம்பு நசுங்குற மாதிரி தெரியுது. உடனே ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரிக்குப் போகணும். லேட்டானா நடக்க முடியாமலே போயிடலாம்."

என் காரின் பின் சீட்டில் படுக்கவைத்தோம். இளைய டாக்டர் முன்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போன் பேசிக்கொண்டே வந்தார். சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன.

"கால ஆட்டும்மா," என்றேன்.

"ஆட்டிக்கினுதாண்ணே கீறேன்."

திரும்பிப் பார்த்தேன். கால் அசையவே இல்லை. மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தபோதுகூட நான் பயந்தவனில்லை. அன்று பயந்துவிட்டேன்.

"நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"ஒன்னுக்கு வரலன்னு உங்ககிட்ட எப்டிண்ணே சொல்றது? வலிக்குதுன்னு சொன்னதுக்கே சிரிச்சீங்க." பிறகு அவரே கேட்டார்: "நாளிக்கு எனக்கு லீவு போட்டுக்குவீங்களாண்ணே?"

நான் ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன்.

அன்று மாலையே ஆபரேஷன் நடந்தது. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் காலே வந்திருக்காது என்றார்கள் டாக்டர்கள். இரண்டு மாதத்தில் எழுந்து நடந்துவிட்டார். இடது கால் மட்டும் இன்னும் லேசாக இழுக்கிறது. ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறேன்.

அத்தனை லாரிகளுக்கு நடுவே அவ்வளவு வேகமாக என்னைத் தவிர யாரும் ஓட்டியிருக்க முடியாது என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வேன், அது உண்மையும்கூட. ஆனால் இத்தனை வருடத்தில் இடுப்புவலி என்று சொல்லிப் பார்த்துவிட்டு என்னிடம் வேலையைவிட்டுச் சத்தமில்லாமல் நின்றுபோன பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் இப்போது எழுந்து நடமாடுகிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.